மூணாப் பிரிக்கணும்

போன வாரம் ஒரு காலையில், இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என் மகள் கேட்டாள்: "இந்த வீட்ல எனக்குன்னு ஒரு ஓட்டு இருக்காம்மா, இல்லையா?" ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு பள்ளி வேனில் ஏறிப் போய்விட்டாள். நான்தான் இன்னும் அதிலிருந்து மீளவில்லை. அன்று சாம்பாருக்கு உப்பைப் போட்டுவிட்டு மறுபடியும் போட்டேன். அவளுடைய கைப்பேசியை நான் பிடுங்கி வைத்ததுதான் விவகாரம், வேறொன்றும் இல்லை என்று என் கணவர் சமாதானம் சொன்னார். நான் உப்பை இரண்டு தடவை போட்டதற்குக் காரணம் வேறு. அவள் வயதில் நானும் ஒரு சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாக்கியம் சொன்னேன். அதன் பலனாக எங்கள் வீட்டில் ஒரு சுவர் முளைத்தது, மாடிப்படி இடம் மாறியது, அடுப்பு ஒன்று கூடியது.

அப்போது நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் கூட்டுக் குடும்பமாக இருந்தோம். அத்தா என்று நான் கூப்பிடும் அப்பா, அம்மா, நான். அத்தாவின் அண்ணனான பெரியத்தா, பெரியம்மா, அவர்களுடைய மகனான அண்ணன். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த தண்ணீர்ப் பஞ்ச காலம் அது. தெருமுனையில் லாரி ஹாரன் அடித்தால் குடங்களோடு ஓட வேண்டும். எந்தக் குடம் யார் கையில் என்பதைக்கூடப் பெரியத்தாதான் தீர்மானிப்பார்.

பெரியத்தா பம்மலில் செருப்புப் பட்டறை வைத்திருந்தார். மோட்டார் எப்போது ஓட வேண்டும், மீன் என்றைக்கு வாங்க வேண்டும், பெருநாளுக்கு யாருக்கு எந்த நிறத்தில் துணி, அண்ணனின் முடி காதைத் தொடலாமா கூடாதா என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தால்தான் நடக்கும். அடுப்படி வாசலில் நின்று புளிக்குழம்புக்கு எவ்வளவு புளி என்றும் சொல்வார். டீ காலையில் ஒரு முறை, சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு முறை. நடுவில் அடுப்பில் டீச்சட்டி ஏறாது. கொடுமைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். பட்டறையிலிருந்து வரும்போது எல்லோருக்கும் சமோசா வாங்கி வருவார். பங்கு பற்றாமல் போனால் தனக்குப் பசியில்லை என்பார். தான் ஆட்சி செய்துகொண்டிருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுகிற மாதிரி, வீட்டுப் பொறுப்பெல்லாம் தன்னிடம் தானாக வந்து சேர்ந்ததாக நினைத்திருந்தார்.

மாடியில் ஒரு பகுதி பாதி கட்டியபடி நின்றது. கூரை இருந்தது, தரை பூசவில்லை. சமையலறைக்கு மட்டும் என்ன காரணத்தாலோ கடப்பைக்கல் மேடை போட்டு முடித்திருந்தார்கள். உள்ளே பட்டறையின் காலிச் செருப்புப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருக்கும். அம்மா துணி காயப்போடப் போனால் இறங்கி வர நேரமாகும். ஒருநாள் தேடிக்கொண்டு போனேன். பெட்டிகளுக்கு நடுவே நின்று, அந்தக் கடப்பைக்கல்லை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரும் சமைக்காத மேடையை எதற்குத் துடைக்க வேண்டும் என்று கேட்டேன். "தூசி" என்றாள். அம்மாவுக்குச் சுத்தம் கொஞ்சம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம்தான் வரலாற்றுப் பாடத்தில் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. எங்கள் வீட்டில் படிப்பது என்றால் சத்தமாகப் படிப்பது. மனதுக்குள் படிப்பவர்கள் தூங்குகிறார்கள் என்பது பெரியத்தாவின் கருத்து. எனவே அது சட்டம். இதனால், மன்னராட்சிக்கு எதிராக எழுதப்பட்ட அத்தனையையும் நான் அவருடைய உத்தரவின்பேரிலேயே உரக்கப் படித்தேன்.

"அரசனின் அதிகாரம் வானத்திலிருந்து வந்ததன்று, மக்கள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் வந்தது" என்று கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து ஒப்பிப்பேன்.

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து பெரியத்தா, "இன்னும் சத்தமா" என்பார்.

"ஒப்பந்தத்தை மீறும் அரசனை நீக்கும் உரிமை மக்களுக்கு உண்டு!"

"ஆங், இப்பக் கேக்குது. இப்படிப் படிச்சாத்தான் மண்டையில ஏறும்."

எனக்கு ஏறிவிட்டது. குறிப்பாக ஒரு பத்தி. சட்டம் இயற்றுவது, அதை நிறைவேற்றுவது, நீதி வழங்குவது ஆகிய மூன்றும் ஒருவர் கையில் இருந்தால் அங்கே சுதந்திரம் இருக்காது. ஆகவே அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். இதற்கு அதிகாரப் பிரிவினை என்று பெயர். தேர்வில் கட்டாயம் வரும் என்று மிஸ் நட்சத்திரம் போடச் சொன்னார். நான் நட்சத்திரம் போட்டுக்கொண்டிருந்தபோதே எங்கள் வீட்டுக் கூடம் கண்முன் வந்துவிட்டது.

ஏனென்றால், அதற்கு முந்தின வாரம்தான் ரிமோட் வழக்கு நடந்து முடிந்திருந்தது. பரீட்சை முடியும்வரை டிவி கிடையாது என்று சட்டம் போட்டவர் பெரியத்தா. ஒருநாள் ரிமோட்டைக் காணவில்லை. விசாரித்தவரும் அவரே. "நான் எடுக்கலத்தா" என்று அண்ணன் சொன்னது சபையில் ஏறவில்லை. ஒரு வாரத்துக்குப் பைக் சாவி கிடையாது என்று தீர்ப்புச் சொன்னார். சொன்ன கையோடு சாவியை வாங்கித் தண்டனையையும் நிறைவேற்றினார். சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்து சாப்பாட்டுக் கூடையைத் திறந்தால், டிபன் கேரியருக்கு அடியில் ரிமோட் கிடக்கிறது. யாரும் டிவி போடக் கூடாதென்று காலையில் தானே எடுத்து வைத்து, அதை மறந்திருக்கிறார். "சரி சரி, மறதிதானே" என்று தன்னைத்தானே விடுதலை செய்துகொண்டார். அண்ணனின் சாவி மட்டும் வாரம் முடிந்துதான் வந்தது. நடந்து போனால் உடம்புக்கு நல்லது என்று அதற்குள் புதிய காரணம் ஒன்று கிடைத்திருந்தது.

நான் அந்தப் பத்தியை அண்ணனிடம் காட்டினேன். அண்ணன் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தார். சேர்ந்த ஒரே வருடத்தில் நண்பர்களிடமிருந்து மெட்ராஸ் பாஷையை முழுவதுமாகக் கற்றுத் தேர்ந்திருந்தார்.

"இன்னாம்மா இது, எங்க அத்தாவ நேர்ல பாத்து எழுதுன மாரி கீது!"

"பிரிக்கணும்னு கேக்கலாமாண்ணே?"

"கேளு. ஆனா ஒரு பேஜாரு கீது. பசி வந்தாத்தான் ஜனம் தெருவுக்கு வரும்னு இங்க மேல போட்டுக்கீறான் பாரு. நம்மாளு ஞாயித்துக்கெழமையானா பிரியாணி போட்டே ஆட்சிய ஓட்டிக்கினு கீறாரு. எவன் எறங்குவான்?"

"நீங்க எறங்குவீங்கள்ல?"

"நீ மொதல்ல ஆரம்பி. நான் பின்னாடியே வரேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரியாணியோடு விருந்தாளியும் வந்தார். அம்மாவின் தம்பியான மாமா, கூடுவாஞ்சேரியில் மனை விற்றுக்கொண்டிருந்தார். போன தடவை வந்தபோது, "அங்க ஒரு மனை வாங்கிப் போடுங்க மச்சான், நாளைக்கு உங்களுக்குன்னு தனியா ஒரு எடம் ஆகும்" என்று அத்தாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த 'தனியா' என்ற சொல்லைக் கேட்டதும் பெரியத்தா, ஏற்கெனவே கரைந்துவிட்ட சர்க்கரையை டீயில் நெடுநேரம் கரைத்துக்கொண்டிருந்தார். அதையெல்லாம் கோத்துப் பார்க்கும் அறிவு எனக்கு அப்போது இல்லை.

கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தோம். பிரியாணி நன்றாக அமைந்திருந்ததால் பெரியத்தா உற்சாகமாக இருந்தார். மாமாவின் முன்னால் என்னைப் பெருமைப்படுத்த நினைத்தார்.

"என்ன பாடம்மா அது, நேத்தெல்லாம் அப்படிக் கத்திக்கிட்டிருந்தே? மாமாவுக்கு ஒருதரம் சொல்லிக் காட்டு."

இதைவிட நல்ல தருணம் வாய்க்காது என்று எழுந்து நின்றேன். தொண்டையில் சோறு இருந்ததால் விழுங்கிவிட்டு ஆரம்பித்தேன்.

"பெரியத்தா, நம்ம வீட்டுல பிரிவினை வேணும்."

அதிகாரம் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் விட்டேன். பெரியவர் முகத்தைப் பார்த்து 'உங்க அதிகாரம்' என்பது மரியாதையாக இருக்காது என்று தோன்றியது. அந்த ஒரு மரியாதைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

"என்னம்மா வேணும்?" என்றார், கறித்துண்டு பாதி வழியில் நின்றிருந்தது.

"பிரிவினை. எல்லாமே ஒருத்தர் கையில இருக்கு பெரியத்தா. அது சரியில்ல. பிரிச்சாத்தான் எல்லாரும் சுதந்திரமா இருக்க முடியும். மூணாப் பிரிக்கணும்."

"மூணாவா?"

"மூணுதான். புஸ்தகத்துலயே போட்டிருக்கு."

எந்தப் புத்தகம் என்று அவர் கேட்கவில்லை. பங்கு பிரிப்பதைப் பற்றிச் சொல்லும் புத்தகம் குர்ஆன்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. வீடு கட்டியிருந்த மனை அவர்களுடைய தகப்பனார் விட்டுப் போனது. பிள்ளைகள் மூன்று பேர்: பெரியத்தா, அத்தா, பெருங்களத்தூரில் கட்டிக்கொடுத்திருந்த அவர்களுடைய தங்கை. அத்தாவின் தங்கையை நாங்கள் குப்பி என்போம். குப்பிக்கும் பங்கு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அது எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே யாரும் பேசியதில்லை. நான் சட்டம், நிர்வாகம், நீதி என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்க, பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று உடன்பிறப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பேசியது மாமா. "சத்தியமா நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல மச்சான். நான் வந்ததே பிரியாணிக்குத்தான்."

பெரியம்மா என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தாள். "புள்ளைக்குத் தானா இதெல்லாம் தோணுமா தங்கச்சி?" என்றாள் மெல்ல. அம்மா, "வாய மூடிட்டு உக்காரு" என்று என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். நான் அண்ணனைத் தேடினேன். பின்னாடியே வருவதாகச் சொன்னவர் எனக்குப் பின்னால் இல்லை, முன்னாலும் இல்லை. குளியலறையில் குழாய் திறந்திருக்கும் சத்தம் கேட்டது. அந்தத் தண்ணீர்ப் பஞ்சத்தில் எங்கள் வீட்டுக் குழாய் அவ்வளவு நேரம் ஓடியது அன்றுதான்.

பெரியத்தா கோபப்பட்டிருந்தால் எனக்குத் தைரியம் வந்திருக்கும். பாடத்தில் அரசன் கோபப்படுவான், மக்கள் கோட்டையை உடைப்பார்கள். இவரோ தட்டில் பாதிச் சோறு இருக்க எழுந்து கை கழுவினார், சட்டையை மாட்டினார், மொபெட்டை எடுத்துக்கொண்டு பம்மலுக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருக்கும்.

"யாரு உன்னை இப்படிக் கேக்கச் சொன்னது?" என்றார் அத்தா.

"மிஸ்ஸு."

"மிஸ்ஸுக்கும் நம்ம வீட்டுப் பங்குக்கும் என்னடி சம்பந்தம்?"

நான் ஓடிப் போய்ப் பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினேன். அத்தா அதைத் திறக்கவே இல்லை. "படிச்சுக் கிழிச்சது போதும், உள்ள வை" என்றார். அம்மா காய்ந்த துணியை எடுப்பதாகச் சொல்லிக்கொண்டு மாடிக்குப் போனாள். அன்று துணியே துவைத்திருக்கவில்லை.

மதியம் முழுக்க நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். பிரிவினை என்றால் இவர்கள் என்ன நினைத்துக்கொண்டார்கள் என்பது கொஞ்சம் கொஞ்சமாக எனக்கும் விளங்கியது. வீட்டை நடுவில் அறுத்துவிடுவார்கள். பெரியத்தா இனிப் பேசமாட்டார். சமோசா வராது. அம்மா செய்யாத தப்புக்கு அம்மாவை எல்லோரும் பார்ப்பார்கள். ஒரே ஒரு சொல்லை விழுங்கியதால் இவ்வளவும். அதைத் திரும்ப உள்ளே சேர்த்துச் சொல்லலாம் என்றால், கேட்க ஆள் இல்லை.

பொழுது சாயும்போது, மஃரிப் தொழுகைக்கு முன்னால், வாசலில் ஒரு சிறிய சரக்கு வண்டி வந்து நின்றது. அதன் பின்னால் பெரியத்தாவின் மொபெட். பட்டறை ஆட்கள் இரண்டு பேர் மாடிக்குப் போய்ச் செருப்புப் பெட்டிகளை இறக்க ஆரம்பித்தார்கள்.

அத்தா பதறிப் போனார். "அண்ணே, புள்ள ஏதோ பாடத்த உளறிடுச்சு. அதப் போயி பெருசா எடுத்துக்கிட்டு..."

"புள்ள உளறல. நாமதான் இத்தன நாளா உளறாம இருந்துட்டோம்" என்றார் பெரியத்தா. "தங்கச்சி பங்கு என் கழுத்துல கெடக்குடா. எத்தனையோ நாளு நெனப்பேன், அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுடுவேன். வெள்ளிக்கெழம வரச் சொல்லி போன் பண்ணிட்டேன். மாடி உனக்கு. முன்னாடி ரோட்ட பாத்த ரூம்பு அவளுக்கு."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு குப்பி ஒரு பை முருங்கைக்காயோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார்.

"எனக்கு எதுக்குண்ணே? நீங்கள்லாம் நல்லா இருந்தாப் போதாதா?"

"வேணாம்னா வாங்கிக்கிட்டு அப்புறம் வேணாம்னு சொல்லு. வாங்கறதுக்கு முன்னாடி சொல்லாத. மூணுன்னா மூணுதான், புள்ளையே கேட்டுடுச்சு."

குப்பி அழுதார், பிறகு சிரித்தார், பிறகு என் கன்னத்தைக் கிள்ளி, "எங்கருந்துடி வந்த வக்கீலு!" என்றார். முருங்கைக்காயையும் மூன்றாகப் பிரித்தார்கள். சில மாதங்களில் அந்த முன்னறையில் குப்பியின் தையல் கடை வந்தது. எங்கள் பள்ளிச் சீருடைகளெல்லாம் அங்கேதான் தைத்தோம்.

பரீட்சை முடிந்த பிறகுதான் பெரியத்தாவிடம் உண்மையைச் சொல்லும் தைரியம் வந்தது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நட்சத்திரம் போட்ட பத்தியை ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். அவர் போட்ட சட்டப்படியே, சத்தமாக.

"இதையா கேட்டே நீ?"

"ஆமா பெரியத்தா."

"பாகம் கேக்கலையா?"

"பாகம்னு நான் சொல்லவே இல்லியே."

அவர் சிரிக்க ஆரம்பித்து, இருமலாகி, பெரியம்மா தண்ணீர் கொண்டுவரும்படி ஆகிவிட்டது. "யாருகிட்டயும் சொல்லிடாத. தங்கச்சி கடைக்கு போர்டு மாட்டியாச்சு" என்றார். பிறகு, புத்தகத்தை மூடப் போனவர் ஏதோ நினைத்துக்கொண்டு கேட்டார்: "ஆமா, அந்த ராஜாவுக்குக் கடைசியில என்னாச்சு?"

அடுத்த பக்கத்தில் படம் இருந்தது. நான் கையை அதன் மேல் வைத்துக்கொண்டேன்.

"வீடு மாறிப் போயிட்டாரு பெரியத்தா."

"பாவம். நல்ல எடமா?"

மறுநாளே தன் ஆட்சியைச் சீர்திருத்தினார். மோட்டார் சுவிட்ச் இனி அண்ணனின் பொறுப்பு என்று அறிவித்தார். அண்ணன் முதல் நாளே தொட்டியை வழியவிட்டுத் தெருவை நனைத்தார். அடுத்த நாள் காலை சுவிட்ச் பெரியத்தாவின் கைக்குத் திரும்பிவிட்டது. புரட்சிக்குப் பிறகு மன்னர்கள் திரும்பி வந்ததும் பாடத்தில் இருந்தது. அது தேர்வுக்குக் கிடையாது என்று மிஸ் சொல்லிவிட்டதால் நான் படிக்கவில்லை. சுவர் எழுந்தது, படி வெளிப்பக்கம் போனது, சொத்து மூன்றாயிற்று. நான் கேட்ட அதிகாரம் மட்டும் பிரியாமல் கீழ்வீட்டிலேயே இருந்து, மாடியைப் பார்த்து, "குழாயை மூடுங்க!" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தது.

மாடிக்குக் குடிபோன நாள் எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. தரைப்பூச்சு முழுதாகக் காயாததால் எல்லோரும் பெரியத்தாவின் பட்டறைச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே நடந்தோம். பால் பொங்கியது. எந்தப் பக்கமாகப் பொங்கினால் நல்லது என்று பெரியத்தா சொன்னார். எல்லோரும் ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே இறங்கினார்கள். அத்தா வேலைக்குப் போய்விட்டார். நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு வந்துவிட்டது.

"என்னாலதானம்மா வீடு பிரிஞ்சு போச்சு?"

அம்மா அடுப்பைப் பற்ற வைத்தாள். டீத்தூளை எடுத்தாள். அது டீ குடிக்கிற நேரமே இல்லை.

"இப்ப எதுக்கும்மா டீ?"

"சும்மாதான்" என்றாள். "இஞ்சி போடவா, ஏலக்காய் போடவா?" என்று கேட்டாள். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். "ரெண்டும் போட்டுப் பாப்பமே" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கடப்பைக்கல் மேடைமேல் ஏறி உட்கார்ந்தாள். அம்மா அப்படி எங்கேயும் ஏறி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு வாய் குடிப்பதும், சன்னலுக்கு வெளியே பார்ப்பதும், காலை முன்னும் பின்னும் ஆட்டுவதுமாக இருந்தாள். ஆட்டிய வேகத்தில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது. அவள் குனிந்து பார்க்கக்கூட இல்லை. விழுந்ததை எடுக்கக்கூட மனமில்லாத அளவுக்கு அவளுக்கு வருத்தம் என்று நினைத்தேன். என்ன ஆறுதல் சொல்வதென்று தெரியாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் செருப்பை எடுத்து அவள் காலில் மாட்டிவிட்டேன்.

அம்மா மறுபடியும் காலை ஆட்டினாள். செருப்பு மறுபடியும் விழுந்தது.